இரண்டாம் டிவிஷன், கிம்பர்லி

முதல் டிவிஷன் ஒன்று இருந்தது,
ரயில் பாதைக்கு அப்பால்,
புல்லும் குழாய்த் தண்ணீரும் இரும்பு வேலியுமாய்.
வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம்,
ஞாயிறன்று அதுவும் கூடாது.
ஆகவே நாங்கள்
இரண்டிலிருந்தே எண்ணத் தொடங்கினோம்.

நான்கு அணிகள்.
மலாய் கேம்ப் ஸ்டார்ஸ்,
நம்பர் டூ லொக்கேஷன் லயன்ஸ்,
பீக்கன்ஸ்ஃபீல்ட் யூனியன்,
பிறகு ஹோட்டல் வெயிட்டர்கள்,
வேலைக் கோட்டோடே ஆட வந்து
கறையைத் திங்கட்கிழமை என் கடைக்கே அனுப்புகிறவர்கள்.

சலவைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
நான்தான் ஸ்கோர் எழுதினேன்.
முன்பக்கம்: சட்டை பதினாறு, மேசைத்துணி நாலு.
பின்பக்கம்: தம்பிரான், கிஸ்டன், டெனிஸ் ஆப்ரில்.
மை ஊறிய சில வாரங்களில்
மேசைத்துணிகள் ரன் எடுத்திருக்கின்றன.

சுரங்கத்து நீலமண் மேட்டுக்குக் கீழே
சுண்ணாம்பால் கிழித்த நாற்கோணம்.
பேஸ்பாலில் அதற்கு வைரம் என்று பெயர்.
கம்பெனி நமக்கு விட்டுவைத்த ஒரே வைரம்
என்பான் கிஸ்டன்,
அதையும் மாதவாடகைக்கு.

ஐம்பத்தொன்று, ஆகஸ்டு, ஆறாவது இன்னிங்ஸ்.
பந்துக்குள் கல் கடத்துகிறோம் என்று
யாரோ சொல்லிப் போலீஸ் வந்தது.
சார்ஜென்ட் பேனாக்கத்தியால் தையலைப் பிரித்தார்.
தோல்.
பிறகு நூல், நூல், நூல்,
இரண்டு அணிகளும் சுற்றி நின்று
கால் மாற்றிக்கொள்ளும் வரை நூல்.
கடைசியில் கார்க்.
அதை முகர்ந்து பார்த்துவிட்டு
ஒரு வார்த்தை சொல்லாமல் போனார்.

எங்களிடம் இருந்ததே அந்த ஒரு பந்து.
செருப்புக்கடை யூசுஃப் அப்ரஹாம்ஸ், எங்கள் கேட்சர்,
மண்ணிலேயே உட்கார்ந்து
எல்லாவற்றையும் திரும்பச் சுற்றி
மெழுகு நூலால் தைத்தார்.
ஒரு பக்கம் தையல் மேடிட்டுவிட்டது.
அதன்பின் தம்பிரான் எறிந்ததெல்லாம்
நேராகப் போய்,
எதையோ மறந்து வந்தாற்போல் திரும்பியது.
லயன்ஸ் காற்றை அடித்தார்கள்.
அந்த வருஷக் கோப்பை எங்களுக்கு.
கோப்பை என்றால் கெட்டில். மூடி இல்லை.

பேஸ்களுக்குத் தமிழ்ப் பெயர் வைத்தவனும் தம்பிரான்தான்.
அறம், பொருள், இன்பம்.
சுற்றி முடித்தால் வீடு.
"பொருளை விட்டு இன்பத்துக்குத் திருடு!" என்று
கோட்டோரம் நின்று கத்துவான்.
இன்பம் என்றால் ஓடு என்று நினைத்துக்கொண்டு
டெனிஸ் ஆப்ரில் ஓடுவான்.
பெரும்பாலும் அவுட்.

பிறகு மலாய் கேம்புக்கு நோட்டீஸ் வந்தது.
தெருத்தெருவாக இடித்தார்கள்,
அணியும் தெருத்தெருவாகக் குறைந்தது.
ஒரு வாரம் ஷார்ட்ஸ்டாப் வரவில்லை.
மறுவாரம் யூசுஃப், கடையோடு.
கேட்சருக்குப் பதில் நின்ற வெயிட்டருக்கு
அந்தப் பந்து எங்கே வளையும் என்று தெரியாது,
பல் ஒன்று போனது.

கடைசி ஆட்டம் என்று யாரும் சொல்லவில்லை.
ஒன்பதாவது இன்னிங்ஸ், சமநிலை, இருவர் அவுட்.
மூன்றாவதில் தம்பிரான்.
கிஸ்டனுக்கு ஒரு ஸ்ட்ரைக் விழுந்திருந்தது.
மேட்டிலிருந்து நீலப் புழுதி எழுந்தது,
என் கையும் நோட்டும் எனக்கே தெரியவில்லை.
அடுத்த வாரம் தொடரலாம் என்றார் அம்பயர்.
அடுத்த வாரம் மைதானத்தில்
எங்கள் வீடுகளின் செங்கல் குவிந்திருந்தது.

பேஸில் விடப்பட்டவர் என்று
ஸ்கோரில் ஒரு கட்டம் உண்டு.
நான் நிரப்பவில்லை.
ஆட்டம் முடிந்தால்தானே.

டர்பனிலிருந்து ஒரு கடிதம் வந்தது,
பத்து வருஷம் கழித்து, பென்சிலில்:
அக்கா, நான் இன்னும் இன்பத்திலா நிற்கிறேன்?

காலை எடுக்காதே என்று எழுதினேன்.
கிஸ்டனுக்கு இன்னும் இரண்டு ஸ்ட்ரைக் பாக்கி.