கால் சுற்று

வலப்பக்கம் திருப்ப வேண்டுமென்றால்
முதல் கால் சுற்று கணக்கில் வராது.
அது ஸ்டியரிங்குக்கு நான் கொடுக்கும் கைக்கூலி.
அதன் பிறகுதான் கீழே எங்கோ ஒரு பல்
இன்னொரு பல்லைத் தேடிப் பிடித்து
'ம்' என்னும்.
முன்சில்லுகள் யோசித்துத் திரும்பும்.

சீனன்குடா ஏலத்தில் எடுத்த குட்டி ட்ரக்டர்.
எண்ணெய்த் தாங்கிகளைச் சுற்றிப் புல் வெட்டியது என்றார்கள்.
என் இடுப்பளவு உயரம்.
பெயர்த்தகட்டில் மிஞ்சியது மூன்று எழுத்து,
அதில் ஒன்று துரு.
சாவியைத் தந்தவர் சொன்னார்:
"என்ஜின் தங்கம். திருப்பம் மட்டும் கொஞ்சம்..."
மிச்சத்தைக் கையால் ஆட்டிக் காட்டினார்,
மீன் வால் மாதிரி.

ஒன்பது வருடம் அந்த வாலோடு
கும்புறுபிட்டி வெங்காயக் காணியில் ஓடினேன்.
வரம்பு வருமுன்பே திருப்பத் தொடங்குவேன்.
நேரே போகும்போதும் கை சும்மா இராது,
இடம் கொஞ்சம் வலம் கொஞ்சம்,
அழுகிற பிள்ளையை மடியில் ஆட்டுவதுபோல.
பக்கத்துக் காணிக் கோணேசலிங்கம் கேட்பார்:
"உன்ர சால் என்ன, சாரை போன தடமோ?"
எனக்குக் கேட்காது.
இன்னொரு கால் சுற்றுச் சுற்றுவேன்.

போன கச்சான் காற்றில்
வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது, நானும்.

ஸ்டியரிங் தண்டு, பற்சக்கரப் பெட்டி, இழுகோல்
எல்லாவற்றையும் கழற்றி
பழைய சேலையில் சுற்றி
த்ரீவீலில் ஏற்றினேன்.
கிண்ணியாப் பாலத்தில் சேலை அவிழ்ந்து
கிரீஸ் மணத்தோடு படபடத்தது.

லேத் கடை ஹிபதுல்லா தண்டை வெளிச்சத்தில் உருட்டினார்.
"இது பித்தளை புஷ் இருந்த இடம்.
இப்ப இருக்கிறது இடம் மட்டும்தான்."
ஒருபக்கம் முட்டைபோலத் தேய்ந்திருந்தது.
"நீங்க கூட வலப்பக்கம் திரும்புறீங்க போல?"
யோசித்துப் பார்த்தேன்.
ஓம், கிணறு வலப்பக்கம்.

புஷ்ஷுக்குப் பதில் பெயாரிங்.
இழுகோலின் இரு முனைக்கும் த்ரீவீல் போல் ஜொயின்ட்.
பற்களை நெருக்க வாஷர்:
ஒன்று போட்டார், ஆட்டம்.
இரண்டு போட்டார், இறுக்கம்.
ஒன்றை எடுத்துவிட்டு
பிஸ்கட் டின் மூடியில் ஒரு வட்டம் வெட்டி வைத்தார்.
சரி.
ஏழாயிரத்து ஐந்நூறு.
ஐந்நூறைத் திருப்பித் தந்து
வெங்காயமாய் வரட்டும் என்றார்.

அடுத்த நாள் விடிய ஏறி உட்கார்ந்தேன்.
வரம்புக்கு மூன்று முழம் முன்னால்
வழக்கம்போலக் கை சுற்றியது.
யோசிக்கவில்லை மிசின்.
'ம்' என்றும் சொல்லவில்லை.
கிளுவை வேலியைப் பிரித்துக்கொண்டு
கோணேசலிங்கத்தின் மிளகாய்க்குள் நின்றது.

அவர் வந்து பார்த்தார்.
பின்னால் என் சாலைப் பார்த்தார்.
"இண்டைக்கு நேராத்தான் வந்திருக்கு," என்றார்,
"வேலி வரைக்கும்."

பதினொரு கன்றுக்குக் காசு கொடுத்தேன்.
தண்டில் இருந்த ஆட்டம்
என் முழங்கைக்குக் குடிவந்து எத்தனை வருடமோ,
அதைக் கழற்றிச் சேலையில் சுற்ற முடியவில்லை.
பொழுது சாய, வெங்காயம் இல்லாத பக்கத்தில்
வெறும் மணலில் ஓட்டுகிறேன்.
கையிடம் சொல்கிறேன்: பேசாமல் இரு.
இரண்டு சால் இருக்கும்.
மூன்றாவதில் தாலாட்டத் தொடங்கும்.

நேற்று நிலாவெளி பஸ்ஸில் முன் இருக்கை.
உப்புவெளி தாண்டி ரோட்டு நூல் பிடித்ததுபோல் கிடக்கிறது.
சாரதியின் கைகள் மட்டும்
இடம் கொஞ்சம், வலம் கொஞ்சம்.
கடலைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
இறங்கும்போது கேட்டேன்:
"அண்ணை, கால் சுற்றோ?"

திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:
"அரை."