எட்டாவது

மகர ராசியில் எட்டுக் கிரகம் கூடுகிறதாம்.
அறுபத்திரண்டு பிப்ரவரி, திங்கட்கிழமை மாலைக்குள்
பூமி இருக்காதாம்.
யமுனைக் கரை நெடுக நெய்ப்புகை.
எங்கள் அச்சகக் கண்காணிப்பாளர்
வைப்புநிதியில் கடன் கேட்டு மனுப் போட்டார்,
திருப்பிக் கட்ட வேண்டியிராது என்ற தெம்பில்.

நாங்கள் அன்றைக்குக் கல்யாணம் வைத்துக்கொண்டோம்.

வீம்புதான், ஒப்புக்கொள்கிறேன்.
கரோல்பாகில் சைக்கிள் கடை மாடியில்
வாரம் ஒருமுறை கூடும் பதினொரு பேர்.
வினா வட்டம் என்று பெயர். விதி ஒன்றே ஒன்று:
யார் சொன்னார் என்று கேட்காதே,
எப்படித் தெரியும் என்று கேள்.
தேசத்துக்கு அப்போது பதினான்கு வயது,
எங்களுக்கும் ஏறக்குறைய அந்த வயதின் புத்தி.
அம்மைத் தடுப்பூசி, அணைக்கட்டு, பால் டிப்போ,
புதிதாய் வந்த கிலோ எடைக்கல்,
எல்லாம் எங்கள் கட்சி என்று நினைத்திருந்தோம்.

தேஸ்ராஜ் கோஸ்லா லாகூர்க்காரர்.
நாற்பத்தேழில் ரயிலில் வந்து சேர்ந்தவர்.
அந்தப் பெட்டியில் எல்லாக் கடவுளையும்
கூப்பிட்டுப் பார்த்தார்கள் என்பார்.
அதற்கு மேல் சொல்லமாட்டார்.
நான் மன்னார்குடி அமிர்தவல்லி.
மூல நட்சத்திரம் என்று மூன்று வரன் தட்டிப்போனவள்.
அவர் வந்த வழியின் முன்னால்
என் வழியைச் சொல்லக் கூச்சமாக இருக்கும்.

தீஸ் ஹசாரியில் முப்பது நாள் முன்பே நோட்டீஸ்.
பதிவாளர் காலண்டரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.
அன்று வேறு ஜோடி வரவில்லை, வரிசையே இல்லை.
கிரகங்கள் செய்த உபகாரம் அது ஒன்றுதான்.

மாலையில் பூமி இருந்தது.
யாகம் காப்பாற்றிவிட்டது என்றார்கள் எதிர்வீட்டில்.
இதை நாங்கள் யோசித்திருக்கவில்லை.
கணக்கு வாத்தியார் பிமலேந்து அரைமணி நேரம் விளக்கினார்.
அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு லட்டு கொடுத்தார்கள்.
தின்றோம். நன்றாக இருந்தது.

வனவாசக் கணக்குப்போல இன்னொரு பதினான்கு ஆண்டு.
மின்டோ சாலை அச்சகத்தில்
மை காயாத தாள் ஒன்று என் மேசைக்கு வந்தது.
குடிமக்களுக்குக் கடமைகள் பத்து.
எட்டாவது:
அறிவியல் மனப்பான்மையும் மனிதநேயமும்
கேட்டறியும் உணர்வும் வளர்த்தல்.
சைக்கிள் கடை மாடி
அரசியல் சட்டத்தில் ஏறிவிட்டது!
எட்டு என்னை விடாது போலிருக்கிறதே என்று நினைத்து
உடனே வெட்கப்பட்டேன்.

தேஸ்ராஜ் அப்போது திகார் சிறையில்.
துர்க்மான் வாசலில் இடித்த வீடுகள் எத்தனை
என்று ஒரு தபாலட்டை போட்டிருந்தார்.
கண்டனம்கூட இல்லை அதில்,
எண்ணிக்கைதான் கேட்டிருந்தார்.
பதிலுக்கு ஜீப் வந்தது.

கேட்டறிதல் என்ற சொல்லில்
ஓர் எழுத்து விழுந்திருந்தது.
பென்சில் கையில்.
விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம்.
சொல் நொண்டிக்கொண்டே நாட்டுக்குள் போகட்டும்,
அதுதானே நிலவரம்.
பிறகு திருத்தினேன்,
ஓரத்தில் என் சுருக்கெழுத்தும் போட்டேன்.
ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.
சம்பளம் காரணமாக இருக்கலாம்.
அந்தச் சொல்லை எனக்குப் பிடித்திருந்ததும் காரணமாக இருக்கலாம்.

அடுத்த சந்திப்பில் கம்பிக்கு இப்புறம் நின்று
வார்டர் காதில் விழாமல் சொன்னேன்:
"கேள்வி கேட்பது இனிமேல் கடமையாம்."

தாடியைச் சொறிந்துகொண்டார்.
"எப்படித் தெரியும்?"

"பிழை பார்த்தது நான்தான்."

சிரிப்பார் என்று நினைத்தேன்.
தலையை ஆட்டிக்கொண்டார், கணக்கில் ஒரு வரி
சரிபார்த்து முடித்தவர் போல.
மணி அடித்தார்கள்.
போகத் திரும்பியவர் நின்று கேட்டார்:

"எத்தனை வீடாம்? பதில் வந்ததா?"