செவ்வாய்க்கிழமை ஆறு

பிரிந்தபோது வீட்டை விற்றோம்.
நாயை அவன் அக்காள் கொண்டுபோனாள்.
ஆற்றை மட்டும் பங்கு போட முடியவில்லை.
சனிக்கிழமை எனக்குத் தபால் உண்டு,
ஆகவே சனி இத்தெலுக்கு, செவ்வாய் எனக்கு என்று
வக்கீல் வைக்காமல் பேசி முடித்தோம்,
பாலத்தின் மேல், வேல்ஸின் வழக்கமான மழையில்.

ஹெலிக் பெரிய ஆறல்ல.
வரைபடத்தில் சரியாக மடிப்பு விழும் இடத்தில் ஓடுகிறது;
என் படத்தில் அது தேய்ந்தே போய்விட்டது.

வேலிக் கதவருகே ப்ளெத்தினின் தகரப்பெட்டி.
மூன்று பவுண்டு போட்டுவிட்டு
உள்ளே கிடக்கும் நோட்டில் எழுத வேண்டும்,
யார், என்று, எத்தனை மீன்.
இரண்டு வருடமாக இத்தெலோடு எனக்குள்ள பேச்சுவார்த்தை
இந்த நோட்டு மட்டும்தான்.
போன சனிக்கிழமை அவன் கையெழுத்து:
'ஒன்றுமில்லை. பெரியது ஒன்று நூலை அறுத்துக்கொண்டு போனது.'
'பெரியது'க்குக் கீழே கோடு.

காலை முழுக்க மரங்களுக்குத்தான் தீனி.
ஆல்டர் கிளை ஓர் ஈயைத் தின்றது,
முள்மரம் இன்னொன்றை.
மூன்றாவதை என் தொப்பியே பிடித்தது.
இடது பூட்ஸில் எங்கோ பொத்தல்;
ஆறு மெதுவாக என் காலுறைக்குள் குடியேறியது.
கல்லுக்குக் கல் தாவிய முங்கிக் குருவி
ஒவ்வொரு கல்லிலும் எனக்கொரு கும்பிடு போட்டது,
கிண்டலாகத்தான் இருக்கும்.

பாலாடைக்கட்டியும் ஊறுகாய் வெங்காயமும் வைத்த ரொட்டி.
மழை விட்டது. மறுபடி பிடித்தது.

இரண்டு மணிக்கு மேல்
நீரிலிருந்து பூச்சிகள் எழும்பத் தொடங்கின,
சாம்பல் சிறகை நிமிர்த்திக்கொண்டு,
எங்கே போவதென்று தெரியாமல் மிதந்தபடி.
எதிர்க்கரை வேரடியில்
தண்ணீர் ஒருமுறை கண் சிமிட்டியது.
பொறுத்தேன்.
அதே இடத்தில் இன்னொருமுறை.

பின்னால் கோல் வீச இடமில்லை.
மண்டியிட்டு
ஈயை இரு விரலில் பற்றிப் பின்னுக்கு இழுத்து
கோலை வில்லாக வளைத்து
விட்டேன்.
கிளைக்குக் கீழே, ஒரு சாண் இடைவெளியில் நுழைந்து
அது அமர்ந்தது.
மிதந்தது.
காணோம்.

பிறகு கோல் முழுக்க உயிர்.

கையை நனைத்துக்கொண்டு தூக்கினேன்.
வெண்ணெய் நிற வயிறு,
சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் வெளிறிய வளையம்.
லாரியில் கொண்டுவந்து கொட்டிய டிரௌட் அல்ல.
இந்தக் கூழாங்கற்களுக்கு இடையில் முட்டையாகக் கிடந்தது.
மேலுதட்டில் என் ஈ.
கடைவாயில்
இன்னொரு ஈ.

முயல் மயிர். வால் பக்கம் இரண்டு சுற்றுச் சிவப்புப் பட்டு.
அந்தப் பட்டு எனக்குத் தெரியும்;
என் ஒரே நல்ல பாவாடையின் ஓரத்திலிருந்து
கேட்காமல் பிரித்தது.
மூன்று நாள் பேசாமல் இருந்தேன் அப்போது.

நூல் நுனி பன்றிவாலாகச் சுருண்டிருந்தது.
அறுந்த நூல் இப்படிச் சுருளாது.
முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொடு, எச்சில் தொடு என்று
எத்தனை வருடம் சொல்லியிருப்பேன்.
கொக்கியின் எதிர்முள்ளையும் நசுக்கவில்லை.
அதையும் சொல்லியிருந்தேன்.

இரண்டையும் கழற்றினேன். அவனுடையதற்கு நேரம் பிடித்தது,
கொஞ்சம் ரத்தமும் வந்தது.
மீனின் முகத்தை ஓட்டத்துக்கு எதிரே வைத்துப் பிடித்திருந்தேன்.
செவுள் திறந்தது, மூடியது, திறந்தது.
போகவே மாட்டேன் என்பதுபோல் என் உள்ளங்கையில் நின்றுவிட்டு,
நான் வேறெங்கோ பார்த்த நொடியில் போயிருந்தது.

அதற்குமேல் நான் தூண்டில் போடவில்லை.
ஏனென்று தெரியவில்லை. வெளிச்சம் இன்னும் இருந்தது.

தகரப்பெட்டி. நோட்டு. ப்ளெத்தின் கட்டிவைத்த மொட்டைப் பென்சில்.
'செவ்வாய். எலுனெட். ஒன்று. பதினோரு அங்குலம்.'
சற்று யோசித்து,
'நூலை அது அறுக்கவில்லை.'

இடுக்கியால் எதிர்முள்ளை நசுக்கி
அவன் ஈயைத் தாளில் குத்தி வைத்தேன்,
'பெரியது' என்ற சொல்லுக்குப் பக்கத்தில்.
முத்திரை ஒட்டாத எதையும்
இதற்குமுன் நான் கொண்டுசேர்த்ததில்லை.

வேலி தாண்டி உட்கார்ந்து
பூட்ஸைக் கவிழ்த்தேன்.
அரை டம்ளர் ஹெலிக்.