நாலு மில்லிமீற்றர்

இருபத்தேழு அங்குல ரயர்
என்.சி. வீதியில் இல்லை.
டொக்யாட் வீதிக் கடைப் பொடியன்
இருபத்தெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.
"ஊர்ச் சைக்கிள் எல்லாத்துக்கும் இதுதான் அக்கா."
வைத்துப் பார்த்தோம்.
அண்ணனின் காற்சட்டையைப் போட்ட தம்பி மாதிரி
றிம்மைச் சுற்றி வழுகிக்கொண்டு நின்றது.

இருபத்தேழு என்பது அறுநூற்று முப்பது.
ஊர் இருபத்தெட்டு, அறுநூற்று முப்பத்தைந்து.
இப்போது உலகம் ஓடுகிற எழுநூறோ
அளந்தால் அறுநூற்று இருபத்திரண்டு.
பெயரை நம்பாதே, நாடாவை வை என்று
நில அளவைத் திணைக்களத்தில்
பதினொரு வருடமாகச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

உட்துறைமுகத்தில் மூன்று மாதம் கிடந்த
பாய்ப்படகுக்காரன் ஒருவன்
ஒரு பற்றரிக்கு மாற்றிவிட்டுப் போன சைக்கிள் இது.
நீலம். உப்புத் தின்ற இடங்களில் செம்மண் நிறம்.
கச்சான் காற்று முகத்தில் அடித்த ஒரு மத்தியானம்
சாம்பல்தீவுப் பாலத்தடியில்
பின்றிம் பொருத்து விட்டு வாயைத் திறந்தது.
"வித்துப்போட்டு ஸ்கூட்டி ஒண்டு எடும்"
என்றார் ஜெகசோதி,
மீன் பொரியலில் இருந்து கண்ணை எடுக்காமல்.

ஜமாலியாவில் நௌஸீரின் கொட்டில்.
யப்பானில் இருந்து பெட்டியாய் வந்த
பழஞ்சைக்கிள்களின் மலை.
எழுநூறில் இரண்டு சில்லு கிடைத்தது,
ஒன்றில் யாரோ ஒட்டிய பூனைப்படத்தோடு.
அச்சு நாலு மில்லிமீற்றர் அகலம் கூட.
பின்கவட்டை மெல்ல விரித்தேன்,
கொஞ்சம், இன்னும் கொஞ்சம்,
விட்டால் பழையபடி சுருங்கியது, திரும்பவும் விரித்தேன்.
கந்தோர் நைலோன் நூலைத்
தலைக்குழாயில் சுற்றி இருபுறமும் இழுத்துக் கட்டி
இடமும் வலமும் ஒன்றா என்று பார்த்தேன்.
ஒன்றுதான்.

பிறேக் மட்டும் ஒத்துவரவில்லை.
றிம் நாலு மில்லிமீற்றர் கீழே இறங்கிவிட்டது,
கட்டை இன்னும் பழைய இடத்தில் நின்று
ரயரின் கன்னத்தைக் கடித்தது.
திருகை எவ்வளவு இறக்கினாலும்
துளையின் அடி தட்டியது.

நௌஸீர் அரத்தை நீட்டினான்.
"துளையைக் கொஞ்சம் அராவி விட்டாச் சரி."

இரண்டாயிரத்துக்கு ஒன்று படத்தில்
நாலு மில்லிமீற்றர் என்றால் எட்டு மீற்றர்.
எட்டு மீற்றர் என்றால்
ஒரு கிணறு, இரண்டு தென்னை,
பிள்ளைகள் கலியாணம் முடித்த பிறகும் முடியாத வழக்கு.
கொஞ்சம் என்ற சொல்லை
மேசைக்கு எதிரே இருந்து எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்.
எல்லாருக்கும் இல்லை என்றுதான் சொன்னேன்.
ஒருமுறை,
குச்சவெளிப் பக்கத்துத் துண்டு ஒன்றில்,
பேனையின் தடிப்புத்தானே என்று விட்டுவிட்டேன்.
அந்தக் கிணறு இப்போது
வேறொரு வேலிக்குள் இருக்கிறது.

அரத்தைக் கீழே வைத்தேன்.
"நீளக் கை பிறேக் ஒண்டு தேடுவம்" என்றேன்.
நௌஸீர் பெருமூச்சு விட்டான்.
அஸர் பாங்கு சொல்லும் வரை
மலையைப் பிரித்துக் கொட்டினோம்.
அடியில் ஒரு சிவப்புச் சைக்கிளில் இருந்தது,
தும்பிக்கை மாதிரித் தொங்கிக்கொண்டு.
காசு வாங்கமாட்டேன் என்றான்.
பிறகு வாங்கிக்கொண்டான்.

ஞாயிறு விடிய
உப்புவெளியில் இருந்து இறக்கக்கண்டிப் பாலம் வரை.
கைப்பிடியில் இருக்கிற மீற்றர்
இன்னும் பழைய சில்லைத்தான் நம்புகிறது.
ஒரு சுற்றுக்கு ஓரங்குலம் கூட்டிச் சொல்லும்.
பதினைந்து கிலோமீற்றர் என்று காட்டியபோது
நூற்றெழுபத்தைந்து மீற்றர்
நான் இன்னும் ஓடியிருக்கவில்லை.
திருத்தவேண்டும். இரண்டு பொத்தான் வேலை.

பாலத்து இறக்கத்தில் பிறேக்கைப் பிடித்தேன்.
இரண்டு கட்டையும் ஒரே நேரத்தில்
றிம்மைத் தொட்டன.
நின்றேன்.
வாவியில் ஒருவர் வீச்சுவலையை உதறிக்கொண்டிருந்தார்.
பாலத்துக்கு அங்கால் குச்சவெளி வீதி
வெயிலில் நேராகக் கிடந்தது.
போத்தலில் தண்ணீர் அரைவாசி.
பின்ரயரை அமத்திப் பார்த்தேன்,
காற்றுக் கொஞ்சம் குறைவு.
கொஞ்சம்தான்.