நாலாவது அடுக்கு

விருசுழி ஆறு
வருஷத்தில் பதினோரு நாள்தான் ஆறு.
மிச்ச நாளெல்லாம் கருவேலங்காடு,
பையன்களுக்குக் கிரிக்கெட் பிட்ச்,
தேவகோட்டை போகிறவர்களுக்குக் குறுக்குப் பாதை.
அந்தப் பதினோரு நாளில் அது கொண்டுவந்து போட்டதை
ஆறடிக் குழிக்குள் இறங்கிப் படிக்கிறேன்.

முதல் முழம்
அடைக்கலமேரியின் கடலைக்கொல்லை.
காப்பித்தூள் நிறம்.
கத்தியால் கிள்ளினால் பொலபொலவென்று விழுகிறது.
புழு போன வழியில் வேர் போயிருக்கிறது,
வேர் செத்த வழியில் மழை.

அடுத்ததில் துருப்புள்ளிகள்.
தண்ணீர் இதுவரை ஏறி, சில நாள் நின்று,
இரும்பை மென்று துப்பிவிட்டு இறங்கியிருக்கிறது.
பக்கத்திலேயே ஒரு ஷாம்பு பாக்கெட்,
விலை ஐம்பது காசு.
வெள்ளத்துக்கு வயது கண்டுபிடித்தாயிற்று.

மூன்றாவதில் நத்தை ஓடு, கரித்துண்டு,
வெயில் பட்டதும் கண்சிமிட்டும் அபிரகம்.
இங்கே ஒரு பிடி எடுத்து
பாட்டிலிலிருந்து நாலு சொட்டு விட்டுப்
பரோட்டா மாவாகப் பிசைந்து
கட்டைவிரலால் நாடாபோலத் தள்ளினேன்.
மணல் என்றால் நாடாவே வராது.
களி என்றால் இரண்டு அங்குலம் தொங்கியும்
முறிய மனசு வராது.
இது ஓர் அங்குலம் வந்தது, யோசித்தது, முறிந்தது.
பல்லிலும் வைத்துப் பார்த்தேன்
(படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை).
மாவுக்குள் ஒளிந்த நறநறப்பு.

"இருவாட்டி மண்ணுக்கா" என்றேன், மேலே பார்த்து.
"ரெண்டுங்கெட்டானா?"
"ரெண்டும் கெடாதது."
அவள் சிரிக்கவில்லை.
ஒரு செடியைப் பிடுங்கி உதறிக் காட்டினாள்:
காய் அத்தனையும் கையோடு வந்தது, ஒன்றுகூட உள்ளே நிற்கவில்லை.
ரெண்டு கல் மேற்கே போனால்
செம்புறாங்கல்லில் கடப்பாரை தீப்பொறி கக்கும்.
அங்கேதான் அவளுடைய அண்ணன் நிலம்.

நாலரை அடியில்
மங்களசாமி மம்பட்டியை நிறுத்திவிட்டான்.
ஒன்றும் சொல்லவில்லை, ஒதுங்கி நின்றான்.
சர்க்கரை மாதிரி, வெள்ளையாக, சில்லென்று
மணல்.

வரப்பில் வெள்ளை பொலேரோ.
பாண்டித்துரை நல்ல மனிதர்,
எனக்கும் சேர்த்தே டீ வாங்கி வந்திருக்கிறார்.
"சவுடுதானே மேடம்?
சவுடுன்னே போட்டுருங்க, மூணடிக்குப் பர்மிட் போதும்."
மூணடி பகலுக்கு.
அதற்குக் கீழே இருப்பது
விளக்கை அணைத்த லாரிகளில்
மதுரைக்குப் போய் மாடிகளாகும்.

மேரியக்கா குழியோரம் குந்தினாள்.
"லோடுக்கு எவ்வளவுன்னு அவரு சொல்லிட்டாரு.
கூட்டுறவுல ஒரு லட்சத்துச் சொச்சம் கிடக்கு.
நீங்க சொல்லுங்க, இதுக்கு எவ்வளவு?"

என் படிவத்தில் பதினாறு கட்டங்கள்.
நிறம், கார அமிலம், சுண்ணாம்பு, வேர் ஆழம்.
அவள் கேட்டது எதிலும் இல்லை.
விற்காதே என்று சொல்ல
அவள் கடனில் ஒரு தவணைகூட நான் கட்டப்போவதில்லை.

தெரிந்ததைச் சொன்னேன்:
அந்த மணல் கீழே இருப்பதால்தான்
ஐப்பசியில் அடைமழை பிடித்தாலும்
உங்கள் கடலை அழுகுவதில்லை.
மேலே இருக்கிறது பிடித்து வைக்கும்,
கீழே இருக்கிறது விட்டுவிடும்.
ஒன்றை அள்ளினால் இன்னொன்று வெறும் தூசி.

எழுதினேன்.
அடுக்கு நான்கு: பருமணல், ஐம்பத்தி நாலு அங்குலத்தில்.
வடிகால்: நன்று.
மண் வகை: இருவாட்டி.
பாண்டித்துரை எட்டிப் பார்த்துவிட்டு
போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் போனார்.
மேலே யாராவது இதை அடித்துத் திருத்தக்கூடும்.
பென்சிலில் எழுதச் சொல்வது அதற்காகத்தானோ என்னவோ,
நான் பேனாவில் எழுதினேன்.

குழியை மூடும்போது எப்போதும் கொஞ்சம் மிஞ்சும்.
கிளறிய மண் பழைய இடத்தில் அடங்காது.
மேரியக்கா மிஞ்சியதைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.
"நாளைக்குச் சொல்றேன்" என்றாள்,
எங்கள் இரண்டு பேரில் யாரிடம் என்று
தெரியவில்லை.