ஏழாம் நம்பர் சாவி

சுங்காயில், எண்ணெய் ஆலையை ஒட்டி
எங்கள் லோரி கம்பெனி.
சுவரில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது:
பாதுகாப்பே முதலிடம்.
அதற்குக் கீழே தொங்கும் பலகையில்
யார் எத்தனை டிரிப் என்று
தினமும் நான்தான் கோடு போடுகிறேன்.
சுவருக்குச் சம்பளம் கிடையாது.
கோட்டுக்கு உண்டு.

போன மாதம் வந்தது
சோதனைக்கு ஒரு மின்சார லோரி.
வெள்ளை நிறம். புகைக்குழாய் இல்லை.
குணாளன் ஓட்டட்டும் என்றார் முதலாளி:
இருபத்திரண்டு வருடத்தில் ஒரே விபத்து,
அதுவும் நடுரோட்டில் படுத்திருந்த மாடு.

முதல் நாள்
அது கேட்டைத் தாண்டியதே எனக்குத் தெரியாது.
கணக்கிலிருந்து நிமிர்ந்தால் இடம் காலி.
இரண்டாம் நாள் ரொட்டிக்காரர்
மோட்டார் சைக்கிளோடு கானில் இறங்கி எழுந்து
"சத்தமே இல்லாம வர்றியே, பேயா நீ?" என்று
ஏசிவிட்டுப் போனார்.
லோரி வருவதைக்
காதால் பார்த்தே பழகிய ஊர் இது.
பிறகு ஏதோ கருவி மாட்டினார்கள்.
இப்போது பல்வலிக்காரன் போல
முனகிக்கொண்டே போகிறது.

கொட்டாவி விட்டால் கேமரா கூவுதாம்.
துரோலாக் இறக்கத்தில்
காலை எடுத்தாலே வண்டி தன்னைப் பிடித்துக்கொள்கிறதாம்,
பிரேக் கருகும் வாடையே இல்லையாம்.
குணாளன் சொல்லச் சொல்ல
நான் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.
அந்த வாடை எனக்குத் தெரியும்.
என் அண்ணன் ஆரோக்கியத்தின் சட்டையை
ஆஸ்பத்திரியில் பையில் போட்டுக் கொடுத்தபோது
ரத்தத்தைவிட அதுதான் அதிகம் அடித்தது.
அவன் ஓட்டியது ஏழாம் நம்பர்.
தட்டி நிமிர்த்திச் சாயம் பூசி
மூன்றே மாதத்தில் ரோட்டில் விட்டார்கள்.

சார்ஜ் ஏற ஒன்றே முக்கால் மணி நேரம்.
வண்டிக்கு ஓய்வு தேவை என்று
முத்திரை குத்திய தாளே வந்திருக்கிறது.
செருப்பைப் படியில் கழற்றி வைத்துவிட்டு
குணாளன் சீட்டில் தூங்குகிறான், வாய் திறந்து.
டீசல் லோரி ஒருநாளும் களைப்பு என்று சொன்னதில்லை.
அதனால் அவனும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை ஆலையிலிருந்து போன்.
கூடுதல் லோடு.
"அது சார்ஜ் ஏறுற வரைக்கும்
அவன் சும்மாதானே கெடக்குறான்,
ஏழாம் நம்பர எடுத்துட்டு ஒரு நடை போகச் சொல்லு."

பிரேக் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன்.
பின் இடது, லைனிங் இரண்டு மில்லி.
என் கையெழுத்து. நேற்றுத் தேதி.
"அத நாளைக்கு எழுதியிருக்கலாமே" என்றார்,
கோபமில்லாமல், சீனி குறைவு என்பது போல.

ஆணியில் சாவி தொங்கியது.
எடுத்தேன்.
என் சோற்று டப்பாவில் போட்டு மூடினேன்.

சாவி எங்கே என்றார்.
தெரியாது என்று சொல்லவில்லை.
தர மாட்டேன் என்றேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.
"மாசக் கடைசியில பேசிக்கலாம்" என்று
அவர் காருக்குப் போனார்.

நாலு மணிக்கு குணாளன் எழுந்து வந்தான்.
கன்னத்தில் சீட்டின் தையல் பதிந்திருந்தது.
நேராகப் பலகையைப் பார்த்தான்.
"ஆலையில கூடுதல் லோடுன்னாங்களே,
என் கோடு எங்க?"
நாற்பது ரிங்கிட். மகளின் டியூஷன் பணம்.
"யாரக் கேட்டு என்னைத் தூங்க விட்ட?"

பதில் இருந்தது. சொல்லவில்லை.
பசித்தது. டப்பாவைத் திறந்தேன்.
நெத்திலி சம்பலுக்குள்
ஏழாம் நம்பர் கிடந்தது,
எண்ணெய் பூசிக்கொண்டு.