பதினோராம் துளி

டோப்ரிச் நகரின் விளிம்பில்
சூரியகாந்தி எண்ணெய் ஆலை. இரவு ஷிஃப்ட்.
ஒன்பதாம் தொட்டியின் மாதிரியை
ராடோஸ்தினா முதலில் முகர்ந்து பார்க்கிறாள்.
கருவி அப்புறம்தான்.
காறல் வாடை இல்லை. இன்னும் இல்லை.

குடுவையில் அயோடின் தலைகாட்டுகிறது.
ஸ்டார்ச் விட்டதும் மைநீலம்.
ப்யூரெட்டைத் திருகுகிறாள்.
ஒரு துளி. இன்னொன்று.
நீலம் எத்தனை துளிக்கு வெளுக்கிறதோ
அத்தனை கெட்டிருக்கிறது எண்ணெய்.

கெடுவது இப்படித்தான்:
இணையைத் தொலைத்த ஓர் எலக்ட்ரான்
அடுத்த வீட்டில் கை வைக்கும்.
பறிகொடுத்தவன் சும்மா இருப்பானா,
அவன் அதற்கடுத்த வீட்டில்.
முதலில் யார் என்று கேட்டால்
வெயில் என்பார்கள், செம்புக் குழாய் என்பார்கள்,
யாரோ மூட மறந்த மூடி என்பார்கள்.

அவள் வீட்டில் அது ஒரு வரப்பு.
கணவன் ஓக்னியானுக்கும் அவன் தம்பிக்கும் நடுவே
ஒன்றரை முழ அகலத்தில் மண்.
தம்பி டிராக்டரை ஏற்றினான்.
இவன் கிணற்று மோட்டாரைக் கழற்றினான்.
ஈஸ்டருக்கு ஓரகத்தி வரவில்லை.
பள்ளி பஸ்ஸில் பிள்ளைகள்
ஆளுக்கொரு ஜன்னல்.

எண்ணெய்க்குள் டோகோஃபெரால் என்று ஒன்று உண்டு.
மருந்துக்கடையில் அதற்கு வைட்டமின் ஈ என்று பெயர்,
டப்பாமேல் என்றென்றும் இளமை என்று அச்சு.
ராடோஸ்தினா அதைப் பார்த்துச் சிரிப்பாள்.
வீரமெல்லாம் இல்லை அதற்கு.
பறிக்க வருகிறவனிடம்
இந்தா என்று தன்னுடையதை நீட்டிவிடும்.
அவன் அடங்குவான்.
இப்போது குறை இதனிடம்.
குறையோடு
அப்படியே இருக்கும்,
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டாமல்.

போன திங்கட்கிழமை
தன் பெயரில் இருந்த ஓரத்துத் துண்டு நிலத்தை
கொழுந்தனுக்கு எழுதிக் கொடுத்தாள்.
நோட்டரிக்கு அவளே காசு கட்டினாள்.
யாரையும் கேட்கவில்லை.
நான்கு நாளாக ஓக்னியான்
அவளிடம் பேசுவதில்லை.
தம்பியிடம் பேசுகிறான்.

பதினோராம் துளியில்
நீலம் போயிற்று.
பதிவேட்டில் எண்ணை எழுதி
அடியில் கோடு போட்டாள், கொஞ்சம் அழுத்தி.

உடம்புக்குள் என்றால்
ஈ கொடுத்ததைத் திருப்பித் தர
சி வரும் என்று படித்திருக்கிறாள்.
தொட்டிக்குள் யாரும் வருவதில்லை.
கொடுத்துக் கொடுத்துத் தீரும் ஒரு நாள்,
அதற்கப்புறம் காறல்.

இரண்டு மணிக்கு
பாய்லர் அறையிலிருந்து கிரெமெனா வந்தாள்,
மேலங்கிப் பையில் சிவப்புக் குடைமிளகாய் இரண்டு.
ஒன்றைத் துடைத்து நீட்டினாள்.
எதையும் விசாரிக்கவில்லை.
உப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

ஆய்வகத்தில் உப்பு நிறைய இருக்கிறது,
தின்கிற உப்பு இல்லை.
வெறுமனே கடித்தார்கள்.
முழங்கைவரை வழிந்த சாற்றை நக்கிவிட்டு
ராடோஸ்தினா கை கழுவினாள்.

பத்தாம் தொட்டி.